மதீனாவுக்குக் கால் இல்லை என்று சொன்ன பெட்டி

உத்தமபாளையத்தில் பள்ளிவாசலுக்குப் பின்னால் உள்ள தெருவில் நின்று மதீனாவின் வீடு எது என்று விசாரித்தால், "எந்த மதீனா, கோவக்கார மதீனாவா?" என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தத் தெருவில் மூன்று மதீனாக்கள் உண்டு. மற்ற இருவருக்கும் பட்டப்பெயர் கிடையாது.

அவளுக்கு நாற்பத்தோரு வயது. வீட்டின் முன்னறைதான் தையல் கடை. பெயர்ப்பலகை இல்லை. இருந்தும் கம்பத்திலிருந்தும் சின்னமனூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து துணி கொடுத்துவிட்டுப் போகிறார்கள். வேறு கடைகளில் ரவிக்கை தைத்துச் சரிவராமல் போனவர்கள்தான் அதிகம். அடுத்த தெரு ஜெயமேரி அப்படி வந்தவள். இருபது வருடம் தோட்டங்களில் திராட்சைப் பெட்டி சுமந்து இடது தோள் ஒரு விரல்கடை இறங்கிப்போனவள். போன இடத்திலெல்லாம் டெய்லர்கள், "நேரா நில்லுங்கக்கா, அளவெடுக்கணும்ல" என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் நேராகத்தான் நின்றிருந்தாள். மதீனா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டேப்பை இரண்டு தோளிலும் தனித்தனியாக வைத்துப் பார்த்தாள், நோட்டில் தனித்தனியாக எழுதிக்கொண்டாள். அந்த ரவிக்கையைப் போட்டுக்கொண்டு ஜெயமேரி பூசைக்குப் போய்வந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இருவரும் சிநேகிதிகள்.

கோவக்காரி என்ற பெயர் திருப்பூரில் கிடைத்தது. கல்யாணமான புதிதில் அவளும் கணவர் அப்துல் வாஹித்தும் இரண்டு வருடம் அங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஒருநாள் குழந்தைகள் கவுனுக்குக் கைத்துளை சின்னதாக வெட்டி வந்திருந்தது. மதீனா எடுத்துக்கொண்டு போய் சூப்பர்வைசரிடம் காட்டினாள். "போடுற பிள்ளைக கைய ஒல்லியாக்கிக்கிடட்டும், நீ தையல அடி" என்றார் அவர். அவள் கத்தரிக்கோலை அவர் மேஜையில் வைத்தாள். "மொதல்ல உங்க பிள்ளைக்குப் போட்டுவிட்டுட்டு வந்து பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அடுத்த வாரமே இருவரும் ஊர் திரும்பினார்கள், பெயரும் கூடவே வந்தது. வாஹித் இப்போது கம்பத்தில் ஒரு தேங்காய் மண்டியில் எடை போடுகிறார். அதிகம் பேசாத மனிதர், ஆனால் எளிதில் சிரித்துவிடுவார். வீட்டில் பாதிச் சண்டை அந்தச் சிரிப்பால் வருவது.

நோன்பு மாதம் முழுக்க மதீனாவுக்கு இடுப்பை நிமிர்த்த நேரம் இருக்காது. இந்த வருடமும் அப்படித்தான். விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்தவள் அப்படியே மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். பெருநாளுக்கு முந்தைய மாலை கடைசி ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தபோது கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை நனைத்துக்கொண்டு, "மூணு நாளைக்கு எவளாச்சும் துணியத் தூக்கிக்கிட்டு வரட்டும், பாத்துக்கிறேன்" என்றாள்.

அந்த மூன்று நாளில் மூன்றாவது நாள்தான் அந்தப் பெட்டி அவளுடைய மானத்தை வாங்கியது.

பெட்டியைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி ரசூல். ஷார்ஜாவில் ஒரு டயர் கடையில் இருக்கிறான், பெருநாளுக்கு லீவில் வந்திருந்தான். அக்கா மகள் சானியாவுக்குப் பன்னிரண்டு வயது ஆகிவிட்டது, இனிமேலும் சாக்லேட்டும் கலர் பென்சிலும் கொடுத்தால் முகம் சுளிப்பாள் என்று யோசித்து இதை வாங்கியிருக்கிறான். டிவியோடு இணைக்கும் ஒரு கறுப்புப் பெட்டி, டிவிக்கு மேலே உட்காரும் ஒரு சின்னக் காமிரா. கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. நாம் எதிரே நின்று உடம்பை ஆட்டினால் காமிரா பார்த்துக்கொள்ளும், திரைக்குள் இருக்கும் பொம்மையும் அப்படியே ஆடும். ஆளைக் கண்டுபிடித்ததும் பச்சைப் புள்ளிகளால் ஆன ஒரு உருவம் திரையில் வரும். தலைக்கு ஒரு புள்ளி, தோளுக்கு இரண்டு, முட்டிக்கு இரண்டு. அது வந்தால்தான் ஆட்டம்.

கூடலூரில் சொந்தக்காரர்கள் வீட்டு விருந்தை முடித்துக்கொண்டு எல்லோரும் மத்தியானம் திரும்பியிருந்தார்கள். ரசூல் ஒயரையெல்லாம் மாட்டி முடித்ததும் ஆட்டம் ஆரம்பமானது.

அது என்ன ஆட்டம் என்பது மதீனாவுக்கு முதலில் பிடிபடவேயில்லை. ஓட்டப்பந்தயம் இல்லை, பந்து இல்லை, துப்பாக்கி இல்லை. ஐந்து நொடிக்கு ஒருமுறை திரை ஏதாவது ஒரு கிறுக்குத்தனத்தைச் செய்யச் சொன்னது. கோழியாகி உட்கார்ந்து முட்டை போட வேண்டும். அது முடியுமுன் நனைந்த நாயாகி உடம்பை உதற வேண்டும். முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு வரும், அதற்குப் பல் தேய்த்துவிட வேண்டும். பிறகு ஈரத் துணி பிழிய வேண்டும், மண்ணிலிருந்து முள்ளங்கி பிடுங்க வேண்டும். சரியாகச் செய்தால் ஒரு பன்றி கைதட்டும்.

விருந்துக்குப் போட்டுப்போன வேறொரு பேண்டோடு அறுபத்தெட்டுக் கிலோ வாஹித் கையை இடுப்பில் மடக்கிக்கொண்டு குந்தி எழுந்து முட்டை போட்டார். பன்றி கைதட்டியது. சானியா தரையில் உருண்டாள்.

"இத உக்காந்து யோசிச்சவன் சோத்தத்தான் திங்கிறானா?" என்றாள் மதீனா. "பெரிய மனுசன முட்டை போட வச்சுக் காசு வாங்கியிருக்கான்." ஆனால் அவளுக்கும் சிரிப்பு வந்தது. ஒரு மாதமாகக் குனிந்தே கிடந்த உடம்பு எழுந்து ஆட ஆசைப்பட்டது. அதைவிட, தம்பி துணி பிழிந்த அழகை அவளால் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு கையால் முறுக்கி ஒரு கையால் உதறினான். அதற்கும் பன்றி கைதட்டியது.

"அதுவா துணி பிழியிறது? தள்ளுடா" என்று முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காமிராவுக்கு எதிரே போய் நின்றாள்.

திரையில் பச்சை உருவம் வரவில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு எழுத்து வந்தது.

"என்ன போட்டிருக்கு?" என்றாள்.

சானியா தயங்கித் தயங்கிப் படித்தாள். "ஆளக் காணோமாம்மா."

"இங்கன குத்துக்கல்லு மாதிரி நிக்கிறேன், காணோமா?"

"கொஞ்சம் பின்னாடி போங்கக்கா" என்றான் ரசூல். போனாள். "கொஞ்சம் இந்தப் பக்கம்." வந்தாள். "லைட்டப் போடுங்க மச்சான்." வாஹித் போட்டார். கேள்விக்குறி சுற்றியது. மறுபடி எழுத்து வந்தது.

"இப்ப என்ன?"

"ரெண்டு காலையும் காட்டச் சொல்லுதும்மா."

கணவனும் தம்பியும் மகளும் இருக்கிற நடு வீட்டில், பெருநாள் புடவையைக் கட்டிக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்து ஒரு பெட்டி காலைக் காட்டச் சொல்கிறது. மதீனாவின் காது மடல் சூடானது. அவள் வாயைத் திறப்பதற்குள் டிவியில் ஒரு மணி அடித்தது. பச்சை உருவம் வந்துவிட்டது. தலைக்கு ஒரு புள்ளி, தோளுக்கு இரண்டு, முட்டிக்கு இரண்டு. பன்றி துள்ளித் துள்ளி வரவேற்றது.

"வந்துருச்சு!" என்று சானியா கத்தினாள்.

மதீனா கையைத் தூக்கினாள். உருவம் தூக்கவில்லை. இந்தப் பக்கம் சாய்ந்தாள். அது சாயவில்லை. விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது. ரசூல்தான் முதலில் கண்டுபிடித்தான். அவளுக்குப் பின்னால் சுவரில், ஹேங்கரில் வாஹித்தின் பெருநாள் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. சட்டைக்குக் கீழே பேண்ட். சட்டைக்கு மேலே ஆணியில் தொப்பி.

பெட்டிக்கு அதுதான் ஆள்.

வாஹித் சிரித்தார். உட்கார முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரசூலும் சிரித்தான். "அக்கா, மச்சானோட பேண்டு உங்களவிட நல்லா ஆடும் போலயே" என்றான்.

"சிரிங்க" என்றாள் மதீனா. "நல்லாச் சிரிங்க. ஆணியில தொங்குற துணி மனுசன். தொங்கவிட்டவ மனுசி இல்ல. அந்தச் சட்டையத் தச்சது ஆரு? அந்தப் பேண்டுக்குப் பட்டி மடிச்சது ஆரு?"

"மெசினுக்குப் பொடவை தெரியாதுக்கா. அதுக்கு என்ன செய்ய? சானியா டிராக் பேண்டு மாதிரி ஒண்ணு வாங்கிப் போட்டுக்கிட்டு வாங்க, தெரியும்."

"ஏலே, நான் எதுக்கு மாத்தணும்? கண்ணு தெரியாதது அதுக்கு. ஆஸ்பத்திரிக்கு என்னைய போகச் சொல்றியா?"

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆட்டம் கொஞ்ச நேரம் அவள் இல்லாமல் நடந்தது, பிறகு சுரத்தில்லாமல் நின்றது.

மறுநாள் காலை வீடு கூட்டும்போது பெட்டி வந்த அட்டை மூலையில் கிடந்தது. பழைய அட்டையை அவள் வீணாக்க மாட்டாள், பேட்டர்ன் வெட்ட உதவும். பிரித்தபோது உள்ளே பல மடிப்பாக ஒரு காகிதம் இருந்தது, பத்துப் பதினைந்து மொழிகளில். தமிழ் இல்லை. ஆனால் படங்கள் இருந்தன. பேண்ட் போட்ட ஆள், பக்கத்தில் பச்சை டிக். அதற்கடுத்து முக்கோணப் பாவாடை போட்ட ஒரு பெண், அவள் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி.

மதீனா விளக்குமாற்றை அப்படியே போட்டுவிட்டுச் சானியாவை எழுப்பினாள். "இதுல என்ன எழுதியிருக்கு, படி."

சானியா கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆங்கிலத்தைப் படித்துச் சொன்னாள். நீளமான பாவாடை, தொளதொளப்பான உடை போட்டவர்களைக் கருவி கண்டுகொள்ளாமல் போகலாம். தவிர்க்கவும்.

நேற்றைய கோபம் வேறு. நேற்று அவள் அதை ஒரு கோளாறு என்று நினைத்திருந்தாள். மெஷினென்றால் கோளாறு வரும், ஊசி உடையும், நூல் அறும். அது அவளுக்குத் தெரியாததா? ஆனால் இது கோளாறில்லை. தெரிந்தே செய்திருக்கிறார்கள். ஒருத்தியை நிறுத்தி வைத்து, தெரியவில்லை என்று கண்டுபிடித்து, படம் வரைந்து, சிவப்பில் அடித்து, அச்சடித்து, மடித்து, பெட்டிக்குள் வைத்து விற்றிருக்கிறார்கள்.

"பாவாடை கட்டினவளப் பெருக்கல் போட்டு அடிக்க ஒருத்தன் சம்பளம் வாங்கியிருக்கான்" என்றாள். "அந்தப் படம் வரையிற நேரத்துல கண்ணச் சரிபண்ணியிருக்கலாம்ல?"

ரசூல் தூக்கக் கலக்கத்தில் வந்து பார்த்தான். "விடுங்கக்கா, வெளையாட்டுச் சாமான்."

"வெளையாட்டுச் சாமான்லயே நான் இல்லேன்னா வேற எதுல இருப்பேன்?"

அவன் பல் தேய்க்கப் போய்விட்டான்.

அன்றைக்கே அவள் கம்பெனிக்கு எழுத முடிவு செய்தாள். அவள் சொல்லச் சொல்ல சானியா செல்போனில் தமிழிலேயே அடித்தாள். கம்பெனியின் இணையப் பக்கத்தில், வாங்கியவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கென்று ஓர் இடம் இருந்தது. ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை கொடுக்கலாம் என்று சானியா கேட்டாள். ஒன்றுக்குக் குறைந்து கொடுக்க முடியாது என்றதும் அதற்கும் ஒரு பாட்டு விழுந்தது.

"நான் டெய்லர்" என்று ஆரம்பித்தது அந்த அபிப்பிராயம். "இருபத்திரண்டு வருசமாத் தைக்கிறேன். உங்க பெட்டி என்னைய ஆளில்லைன்னு சொல்லிருச்சு. என் வீட்டுக்காரர் பேண்டை ஆளுன்னு சொல்லிருச்சு. எங்கிட்ட தைக்க வர்றவுக யாரையும் உன் உடம்பு எனக்குத் தோதா இல்ல, போய் வேற உடம்போட வான்னு நான் சொன்னதில்ல. நீங்க சொல்லியிருக்கீங்க. எங்க ஊர்ல பொம்பளைக புடவை கட்டுறோம். உங்க பெட்டி செய்யிற ஊர்ல இது தெரியாட்டி விக்கிறதுக்கு முன்னால கேட்டிருக்கணும். தெரிஞ்சே வித்தது தப்பு. ஆட்டம் எப்படீன்னு கேட்டிருக்கீங்க. துணி பிழியத் தெரியாதவனுக்கு உங்க பன்னி கைதட்டுது. ஆட்டமும் தப்பு."

"பன்னியப் போடணுமாம்மா?"

"போடு."

இரண்டாம் நாள் பதில் வந்தது. அன்பான வாடிக்கையாளரே, உங்கள் கருத்துக்கு நன்றி, சிறந்த அனுபவத்துக்கு உடம்போடு ஒட்டிய உடை அணியுங்கள், மகிழ்ச்சியாக விளையாடுங்கள். கடைசியில் சிரிக்கிற மஞ்சள் முகம் ஒன்று. மதீனா அந்த முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்கும் சிரிப்பு" என்றாள். அன்று அவள் தைத்த மூன்று ரவிக்கைகளுக்கும் தையல் இழுத்துக்கொண்டது, பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் இன்னொன்று நடந்தது. வாஹித் மண்டியிலிருந்து வந்து குளித்துவிட்டுக் கைலி கட்டிக்கொண்டு டீ குடித்தார். "வாங்கத்தா, ஒரே ஒரு ஆட்டம்" என்று சானியா அப்பாவை இழுத்தாள். அவரும் போய் நின்றார். கேள்விக்குறி சுற்றியது.

அவர் பின்னால் போனார், முன்னால் வந்தார். கையை ஆட்டினார். திரை அவரிடமும் காலைக் காட்டச் சொன்னது.

"என்ன இது, மூணு நாள் முன்னாடி தெரிஞ்சேன்ல? கைலி கட்டுனா ஆம்பள இல்லையா?" அவர் குரல் ஏறியது. "இந்தக் கம்பம் பள்ளத்தாக்குல பாதிப் பேரு கைலிதான் கட்டியிருக்கான். அம்புட்டுப் பேருக்கும் காலில்லையா? ரசூலு, என்ன மாப்ள சாமான் வாங்கிட்டு வந்த? இதுக்கு எழுதிப் போடணும்."

மதீனா மெஷினை நிறுத்திவிட்டு வாசற்படியில் வந்து நின்றாள். முகத்தில் வெற்றி எதுவும் இல்லை. "அன்னைக்கு நான் நின்னப்போ சிரிச்சீகளே, இந்த வாய்தானே அது?"

"அது வேற..."

"என்ன வேற?"

வாஹித் கைலியைத் தூக்கி முட்டிக்கு மேலே மடித்துக் கட்டினார். மணி அடித்தது. பச்சை உருவம் வந்தது. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியா, மடிச்சுக் கட்டினா தெரியுது. அவ்வளவுதான் விசயம்."

"அவ்வளவுதான் விசயம்" என்று மதீனா திருப்பிச் சொன்னாள். "உங்களுக்கு மடிச்சுக் கட்டினா விசயம் முடிஞ்சுபோச்சு. நான் எதை மடிச்சுக் கட்ட? சொல்லுங்க. ஒங்களத் தெரியலேன்னதும் ஊருக்கே காலில்லையான்னு கேட்டீக. என்னையத் தெரியலேன்னப்போ கட்டிலப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சீக. மெசினுக்காச்சும் கண்ணு கோளாறு. ஒங்களுக்கு என்ன கோளாறு?"

வாஹித் மடித்துக் கட்டியதை இறக்கிவிட்டார். பச்சை உருவம் போய்விட்டது. பிறகு மெதுவாக, "சிரிச்சது தப்புதான்" என்றார். பதினெட்டு வருடத்தில் அவர் அப்படிச் சொன்னது இரண்டாவது முறை. அதற்காக மதீனாவின் கோபம் இறங்கிவிடவில்லை. கொஞ்சம் இடம் மாறியது, அவ்வளவுதான்.

மறுநாள் காலை அவள் வெட்டுத்துணி மூட்டையை அவிழ்த்தாள். கறுப்பு பாப்ளின் ஒன்றரை மீட்டர் இருந்தது. லைனிங் போக மிஞ்சிய சந்தனக் கலர் சாட்டின் இருந்தது. சானியாவைக் கூப்பிட்டு டேப்பைக் கையில் கொடுத்தாள். இடுப்பிலிருந்து முட்டி எவ்வளவு, முட்டியிலிருந்து கணுக்கால் எவ்வளவு என்று தன் உடம்பிலேயே அளவெடுக்கச் சொன்னாள். கறுப்புத் துணியில் சமையல்காரர்கள் கட்டுவது போல ஒரு முன்துணி வெட்டி, அதன்மேல் சாட்டினில் இரண்டு கால்களை வெட்டி ஒட்டித் தைத்தாள். முட்டி இருக்க வேண்டிய இடத்தில் துணி புடைத்து நிற்கும்படி சின்னதாக ஒரு மடிப்பு, டார்ட், பிடித்தாள். நடக்கும்போது அசைய வேண்டும் என்று கீழே இரண்டு முனையிலும் எலாஸ்டிக் வைத்துக் கணுக்காலில் மாட்டும்படி செய்தாள்.

அந்த நேரம் பார்த்து ஜெயமேரி ஒரு புடவைக்கு ஃபால்ஸ் அடிக்கக் கொடுக்க வந்தாள். "என்ன மதீனா இது, நாடகத்துக்குத் தைக்கிறியா?"

"கால் இல்லாதவளுக்குக் கால் தைக்கிறேன் மேரிக்கா" என்றாள் மதீனா. நடந்ததையெல்லாம் சொன்னாள். ஜெயமேரி நம்பவில்லை. தானே போய்க் காமிரா முன்னால் நின்று பார்த்தாள். அவளையும் காணோம் என்றது பெட்டி. "நாசமாப் போக" என்றாள் ஜெயமேரி. "இருபத்தஞ்சு கிலோ பெட்டி தூக்குன காலு. இதுக்குத் தெரியலையாமே!"

மதீனா புடவைக்கு மேலே அந்த முன்துணியைக் கட்டிக்கொண்டு போய் நின்றாள். ஒரு நொடி கேள்விக்குறி சுற்றியது. மணி அடித்தது. பச்சை உருவம் வந்தது. அவள் கையைத் தூக்கினால் தூக்கியது. சாய்ந்தால் சாய்ந்தது. பன்றி துள்ளிக்கொண்டு வரவேற்றது.

சானியா கத்திய கத்தலில் ரசூல் தெருவிலிருந்து ஓடி வந்தான். ஆட்டம் தொடங்கிவிட்டது. மதீனா கோழியானாள், நாயானாள், முதலைக்குப் பல் தேய்த்தாள். துணி பிழியச் சொன்னபோது இரண்டு கையாலும் முறுக்கி, முழங்கையை இறுக்கி, கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்தாள். திரையில் தண்ணீர் கொட்டியது. முள்ளங்கி பிடுங்கச் சொன்னபோது ஜெயமேரி பின்னாலிருந்து, "குனிஞ்சு பிடுங்குடி, நட்டமா நின்னா நடு முதுகு போயிரும்" என்று கத்தினாள். ரசூல் எடுத்திருந்த எண்ணிக்கையை மதீனா முதல் ஆட்டத்திலேயே தாண்டினாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். அவள் மூச்சு வாங்க நின்றாள். முன்துணியில் தொங்கிய சாட்டின் கால்களைக் குனிந்து பார்த்தாள். அவள் முகம் மாறுவதைச் சானியாதான் முதலில் கவனித்தாள்.

"என்னம்மா, ஜெயிச்சுட்ட."

"நானா ஜெயிச்சேன்? அல்லா கொடுத்த கால நம்பாது. மீந்த துணியில தச்ச கால நம்புது." அவள் நாடாவை அவிழ்த்தாள். "இதுக்கு அன்னைக்குத் தொங்கின பேண்டே பரவாயில்ல."

"தெரிஞ்சா சரிதானேக்கா" என்றான் ரசூல்.

"தெரிஞ்சது நான் இல்லடா."

அந்த நேரத்தில் ஜெயமேரி முன்துணியை வாங்கித் தான் கட்டிக்கொண்டு விட்டாள். அவள் முட்டை போட்டதைப் பார்த்து மதீனாவால்கூடச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. இரண்டு ஆட்டம் ஆடிவிட்டு வேர்த்துப்போய் உட்கார்ந்த ஜெயமேரி, "கேம் நல்லாத்தான் இருக்கு மதீனா. செஞ்சவனத்தான் தூக்கிப் போட்டு மிதிக்கணும்" என்றாள். அந்த அபிப்பிராயம் மதீனாவுக்கு நியாயமாகப் பட்டது.

சானியா அந்த முன்துணியைப் படமெடுத்து, அம்மாவைக் கேட்காமலே கம்பெனிக்கு அனுப்பிவிட்டாள். இந்த முறை ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது. மஞ்சள் முகம் மூன்று இருந்தன. உங்கள் கைவண்ணம் அருமை, எங்கள் குழுவினர் ரசித்தார்கள், இதன் வெட்டு அளவுகளைப் பகிர்ந்துகொண்டால் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் பயன்படும் என்று எழுதியிருந்தார்கள்.

சானியாவுக்கு ஒரே சந்தோஷம். வாஹித்துக்கும் உள்ளுக்குள் பெருமைதான். மதீனா அதை இரண்டாவது முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "எழுது" என்றாள்.

"அளவு தர மாட்டேன். இத எந்த ஊர்லயும் எந்தப் பொம்பளையும் கட்டிக்கிட்டு உங்க முன்னால நிக்க வேண்டியதில்ல. உங்க தப்புக்கு நான் ஒட்டுப் போட மாட்டேன். கண்ணச் சரி பண்ணுங்க. மஞ்ச மூஞ்சி அனுப்பாதீங்க."

அன்றே பிளேடை எடுத்து முன்துணியின் தையலைப் பிரித்தாள். ஜெயமேரிக்கு வருத்தம். சானியாவுக்கு அழுகை. இரண்டு நாள் அம்மாவோடு பேசவில்லை. "உனக்குக் கோவம்னா நீ ஆடாத. மேரி பெரியம்மா ஆடினாகள்ல, அவுகளுக்கும் இல்லாம பண்ணிட்ட" என்றாள். அது மதீனாவைத் தைத்தது. அவள் சொல்வதில் நியாயம் இருந்தது. சரியென்று ஜெயமேரிக்கு ஒரு காற்சட்டை தைத்துத் தருவதாகச் சொல்லிப்பார்த்தாள். "போடி, ஒன்னையத் தெரியாத பெட்டிக்கு முன்னால நான் மட்டும் எதுக்கு நிக்கணும்" என்று ஜெயமேரி மறுத்துவிட்டாள். அவளுக்கும் கோபம் தொற்றியிருந்தது.

லீவு முடிந்து ரசூல் ஷார்ஜா போய்ச் சேர்ந்தான். வெள்ளிக்கிழமை வீடியோவில் கூப்பிட்டான். குசலம் விசாரித்துவிட்டு, "இன்னும் கோவமாக்கா?" என்றான்.

"இன்னும்தான்."

"நான் வாங்கின கடையில போய்க் கேட்டேன். அவன் சிரிக்கிறான். இங்கன அரபிமார் நீள அங்கி போட்டிருப்பாகள்ல, அவுகளையும் தெரியலையாம். தெனமும் ரெண்டு பேராச்சும் தூக்கிக்கிட்டு வந்து சண்டை போடுறாகளாம்."

மதீனா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். "அவுக எழுதிப் போட்டாகளா?"

"தெரியலையே. கடையில சத்தம் போட்டுட்டுப் போயிருவாக போல."

"கடைக்காரன்கிட்டச் சத்தம் போட்டு என்ன பிரயோசனம்? எத்தன பேரு வந்தாக, என்னென்ன உடுப்புல வந்தாகன்னு கேட்டு எனக்கு அனுப்பு. ஒரு புடவைக்காரி சொன்னா மஞ்ச மூஞ்சி அனுப்புவான். அம்புட்டுப் பேரும் சேந்து சொன்னா என்ன அனுப்புறான்னு பாப்போம்."

"இத இவ்வளவு பெருசாக்கணுமாக்கா?"

"பெருசாக்கினது நானா? நான் துணி பிழியத்தானேடா போய் நின்னேன்" என்றாள் மதீனா. பிறகு உள்ளே திரும்பி, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளைக் கூப்பிட்டாள். "சானியா, செல்ல எடுத்துட்டு வா. மாமு சொல்லச் சொல்லக் குறிச்சுக்க."

சானியா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் வந்தாள்.